மைனஸ் 4096: காந்த சென்சார் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பையன் ஒருவன், கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய நீலப் போர்டு ஒன்றை என் மேசையில் கொண்டுவந்து வைத்தான். "செத்துப்போச்சு சார்" என்றான்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். பக்கத்தில் காந்தமே இல்லாதபோதும் நாலரை காஸ் காட்டுகிறதாம். பூமியின் காந்தப்புலம் எங்கே போய் அளந்தாலும் கால் காஸிலிருந்து 0.65 காஸுக்குள்தான் இருக்கும். சென்னையில் ஏறத்தாழ 0.41. அதைப் பத்து மடங்குக்கு மேல் பெருக்கிக் காட்டும் சென்சாரைச் செத்ததாக நினைத்ததில் அவன் மேல் தப்பு சொல்ல முடியாது. "ரேஞ்ச் பிரச்சினை சார், எட்டு காஸுக்கு மாத்திப் பார்த்தேன், சரியாகல" என்று வேறு சொன்னான்.

இந்த வகைச் சிப்புகளைச் சுற்றி உலவும் நம்பிக்கைகளில் பாதி இந்த "ரேஞ்ச் பிரச்சினை" என்ற சொல்லுக்குள்ளேயே அடங்கிவிடும். சிப், அதில் எழுதிய செட்டிங், வரும் எண்ணை வகுக்கும் நம்முடைய புரோகிராம் வரி ஆகிய மூன்றும் ஒத்துப்போனால்தான் திரையில் வருவது காந்தப்புலம். ஒன்று பிசகினாலும் வருவது வெறும் எண்.

"போர்டில் என்ன பெயர் இருக்கிறதோ அந்தச் சிப்தான் உள்ளே இருக்கும்"

அவன் கொண்டுவந்தது ஜிஒய்-271 என்ற போர்டு. அதில் ஹனிவெல் தயாரித்த எச்எம்சி5883எல் சிப் இருப்பதாகச் சொல்லித்தான் ரிச்சி தெருக் கடையில் கொடுத்திருக்கிறார்கள். பூதக்கண்ணாடியை எடுத்துச் சிப்பின் தலையைப் பார்க்கச் சொன்னேன். மூன்று மில்லிமீட்டர் சதுரம். டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடித்தால்தான் எழுத்து தெரியும். ஹனிவெல் சிப்பாக இருந்தால் "எல்883" என்று இருக்கவேண்டும். இதில் "டிஏ5883" என்று இருந்தது. அப்படியென்றால் அது க்யூஎம்சி5883எல். க்யூஎஸ்டி என்ற சீன நிறுவனத்தின் சிப்.

போலிச் சிப் என்று உடனே திட்டவேண்டாம். நல்ல சிப்தான், ஆனால் வேறு சிப். எழுத்தைப் படிக்கக் கண் ஒத்துழைக்கவில்லை என்றால் ஐ2சி ஸ்கேனர் போட்டுப் பாருங்கள். ஹனிவெல் சிப் ஹெக்ஸில் 1ஈ, அதாவது 30 என்ற முகவரியில் பேசும். க்யூஎம்சி 0டி, அதாவது 13-இல் பேசும். உள்ளே ரெஜிஸ்டர் வரிசை வேறு. முன்னதில் ஒவ்வொரு அச்சுக்கும் மேல் பைட் முதலில் வரும், பின்னதில் கீழ் பைட் முதலில் வரும். இதைக் கவனிக்காமல் ஒட்டினால் 447 என்று வரவேண்டிய எண் மைனஸ் 16639 என்று வரும். காந்தப்புலம் கொந்தளிக்கிறது என்று நினைத்துக்கொண்டு நாம் மேசையைச் சுற்றி இரும்பைத் தேடிக்கொண்டிருப்போம்.

பையன் முகவரியையும் மாற்றியிருந்தான், படிக்கும் பகுதியையும் புதுச் சிப்புக்கு ஏற்றபடி எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருந்தான். கடைசி வரி மட்டும் பழசு: 1090-ஆல் வகுத்தல். அது ஹனிவெல் சிப்பின் வழக்கமான 1.3 காஸ் செட்டிங்குக்கு உரிய எண். அந்தச் சிப்பில் ஒரு காஸுக்கு 1090 எண்ணிக்கை. க்யூஎம்சியில் 2 காஸ் செட்டிங்கில் ஒரு காஸுக்கு 12000, 8 காஸ் செட்டிங்கில் 3000. இப்போது கணக்கைப் போடுங்கள். 0.41-ஐ 12000-ஆல் பெருக்கினால் 4920. அதை 1090-ஆல் வகுத்தால் 4.51. அவன் பார்த்த நாலரை காஸ் இதுதான். எட்டு காஸுக்கு மாற்றியபோது 1.13 வந்திருக்கும். "குறைஞ்சுது சார், ஆனா சரியாகல" என்றான். சரியாகத்தான் குறைந்திருக்கிறது, சொன்ன சொல் கேட்கும் சிப்.

"எட்டு காஸ் வரை அளக்கும் என்றால் எந்தக் காந்தத்தையும் அளக்கலாம்"

இது எண்ணைப் பார்த்து ஏமாறுவது. எட்டு காஸ் என்பது 800 மைக்ரோடெஸ்லா, ஒரு மில்லிடெஸ்லா கூட இல்லை. திசைகாட்டிக்காகச் செய்த சிப்புக்கு அது தாராளம். காந்தம் என்று நாம் கையில் எடுக்கும் பொருளுக்கு அது ஒன்றுமே இல்லை.

பத்து மில்லிமீட்டர் விட்டம், மூன்று மில்லிமீட்டர் கனம் உள்ள சாதாரண நியோடிமியம் வில்லை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அச்சுக்கு நேரே பத்து சென்டிமீட்டர் தள்ளி ஏறத்தாழ 0.45 காஸ் இருக்கும், பூமியின் புலத்துக்குச் சமம். தூரம் பாதியானால் புலம் எட்டு மடங்காகும். ஆக ஐந்து சென்டிமீட்டரில் 3.6 காஸ், மூன்றில் பதினேழு, இரண்டில் ஐம்பதைத் தாண்டிவிடும். நடுவில் இருப்பது ஒரு விரல் அகலம்தான். அந்த விரல் அகலத்துக்குள் சிப்பின் வரம்பு முழுவதும் முடிந்துபோகிறது.

மேசையில் இரும்பு ஸ்கேலுக்குப் பதிலாக பிளாஸ்டிக் ஸ்கேலை ஒட்டி, என்னிடம் இருந்த பழைய ஹனிவெல் போர்டை ஒரு முனையில் வைத்து, வில்லையை மெல்ல நகர்த்தச் சொன்னேன். எண் ஏறிக்கொண்டே வந்தது. ஐந்தாறு சென்டிமீட்டர் வாக்கில் சட்டென்று மைனஸ் 3.76 காஸ் என்று விழுந்தது. இன்னும் கிட்டே போனாலும் அதே மைனஸ் 3.76. அசையவில்லை.

பையன் காந்தத்தின் துருவம் மாறிவிட்டது என்று நினைத்தான். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். ஹனிவெல் சிப்பின் ஏடிசி 12 பிட். எண் மைனஸ் 2048-க்கும் 2047-க்கும் இடையில்தான் வரும். அதைத் தாண்டினால் "என்னால் அளக்க முடியவில்லை" என்பதற்கு அடையாளமாக அந்த அச்சில் மைனஸ் 4096 என்று எழுதிவைத்துவிடும். நம் புரோகிராம் அதையும் ஒரு அளவு என்று நினைத்து 1090-ஆல் வகுத்தால் மைனஸ் 3.76 காஸ், அதாவது மைனஸ் 375.8 மைக்ரோடெஸ்லா. பார்க்க அளந்து வந்த எண் போலவே இருக்கும். அதுதான் ஆபத்து.

சோதித்துப் பார்ப்பது சுலபம். காந்தத்தைத் திருப்பிப் பிடியுங்கள். உண்மையான அளவாக இருந்தால் குறி மாறும். இரண்டு பக்கத்துக்கும் அதே மைனஸ் 3.76 வந்தால் அது காந்தப்புலமே அல்ல, சிப்பின் கைவிரிப்பு. க்யூஎம்சியில் இந்த வழக்கம் இல்லை. அங்கே நிலை ரெஜிஸ்டரில் அதற்கென ஒரு பிட் எழும்பும். அந்த பிட்டைப் படிக்காத புரோகிராம்தான் நான் பார்த்ததில் பெரும்பாலானவை.

காந்தத்தைத்தான் அளக்கவேண்டும் என்றால் ஹால் விளைவில் ஓடும் சிப்பை வாங்குங்கள். இன்ஃபினியானின் டிஎல்வி493டி பிளஸ் மைனஸ் 130 மில்லிடெஸ்லா வரை, அதாவது 1300 காஸ் வரை அளக்கும். ஆனால் அதில் ஒரு எண்ணின் மதிப்பே 98 மைக்ரோடெஸ்லா. நம் ஊர்ப் பூமிப்புலம் 41. அந்தச் சிப்பைத் திசைகாட்டியாக்க நினைத்தால், தங்கத்தைச் சுமை தராசில் நிறுத்துவது போலத்தான்.

"பெரிய ரேஞ்ச் வைத்துக்கொண்டால் பிழைத்தோம்"

ஹனிவெல் சிப்பில் 8 காஸ் செட்டிங்கில் ஒரு காஸுக்கு 230 எண்ணிக்கைதான். பூமியின் கிடைப்புலத்தில் ஒரு எண் நகர்ந்தால் திசை 0.6 பாகை நகரும். 1.3 காஸ் செட்டிங்கில் 0.13 பாகை. திசைகாட்டிக்கு எட்டு காஸ் வைப்பவர் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு பார்க்கிறார்.

"கெயினை மாற்றினேன், சிப் கேட்கவில்லை"

இரண்டு காரணம் இருக்கலாம். முதலாவது சின்ன விஷயம். கெயினை மாற்றியபின் வரும் முதல் அளவு பழைய கெயினிலேயே வரும் என்று ஹனிவெல்லின் டேட்டாஷீட்டே சொல்கிறது. இரண்டாவது அளவிலிருந்துதான் புதியது. முதல் எண்ணைத் தூக்கி எறிந்துவிடுங்கள்.

இரண்டாவது, நானே ஒரு மத்தியான நேரம் முழுவதையும் தொலைத்த காரணம். கெயின் செட்டிங் 0 முதல் 7 வரை. ஏழுதான் எட்டு காஸ். சரி என்று ரெஜிஸ்டரில் 7 என்று எழுதினேன். ஆனால் அந்த ரெஜிஸ்டரில் கெயினுக்கு உரியவை மேல் மூன்று பிட்கள். கீழ் ஐந்தும் பூஜ்ஜியமாக இருக்கவேண்டும். 7 என்று எழுதினால் மேல் மூன்று பிட்களும் பூஜ்ஜியமாகவே நிற்கும். பூஜ்ஜியம் என்றால் இருப்பதிலேயே சின்ன வரம்பு, 0.88 காஸ். பெரிய கதவைத் திறக்கப்போய்ச் சாவித்துவாரத்தை மட்டும் திறந்து வைத்திருக்கிறேன். எழுதவேண்டியது 224. எழுதியபின் திரும்பப் படித்துப் பார்க்கும் பழக்கம் அன்றைக்கு வந்ததுதான், இன்னும் விடவில்லை.

"திசை சரியாகக் காட்டுகிறது, ஆகவே அளவும் சரி"

இல்லை. திசை என்பது இரண்டு அச்சுகளின் விகிதம். எக்ஸையும் ஒய்யையும் 1090-ஆல் வகுத்தாலும் 12000-ஆல் வகுத்தாலும் விகிதம் மாறாது. பையனின் போர்டும் வடக்கை ஒழுங்காகத்தான் காட்டிக்கொண்டிருந்தது, பூமி நாலரை காஸ் என்று சொல்லிக்கொண்டே. தவறு வெளியே தெரியாமல் வருஷக்கணக்கில் ஓடும் கருவிகள் இப்படித்தான் பிறக்கின்றன. அதனால் திசையை மட்டும் பார்க்காதீர்கள். மூன்று அச்சுகளின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்து, அது உங்கள் ஊரின் மொத்தப் புலத்துக்குப் பக்கத்தில் வருகிறதா என்று பாருங்கள். போர்டை எப்படிப் புரட்டினாலும் அந்த எண் ஏறக்குறைய நிலையாக நிற்கவேண்டும்.

"இசட் அச்சு வேலை செய்யவில்லை"

தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இந்தப் புகாரைச் சொல்பவர்களிடம் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. ஏனென்றால் அவர்கள் தங்களுக்குத் தெரியாமலே ஒரு புவியியல் உண்மையை அளந்திருக்கிறார்கள்.

வெளிநாட்டு வீடியோவில் போர்டை மேசையில் தட்டையாக வைத்தால் இசட் அச்சில்தான் பெரிய எண் வருகிறது. நம் மேசையில் எக்ஸும் ஒய்யும் துள்ளுகின்றன, இசட் சோம்பிக் கிடக்கிறது. லண்டனில் காந்தப்புலம் 66 பாகை அளவுக்குக் கீழ்நோக்கிக் குத்தி இறங்குகிறது. அங்கே செங்குத்து அச்சுக்குத்தான் பங்கு அதிகம். நாம் இருப்பது காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில். அந்தக் கோடு இந்தியாவின் தென்முனை ஓரமாகப் போகிறது. திருநெல்வேலிக்குப் பக்கத்தில் கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் ஓர் ஆய்வகம் வைத்திருப்பதே அதற்காகத்தான். அங்கே புலம் கிட்டத்தட்டத் தரையோடு தரையாக ஓடுகிறது. சென்னையில் சாய்வு பத்துப் பாகைக்கும் குறைவு. 1.3 காஸ் செட்டிங்கில் மொத்தப் புலம் 447 எண்ணிக்கை என்றால், தட்டையாக வைத்த போர்டின் இசட்டில் எண்பதைத் தாண்டாது. சிப் ஒழுங்காகத்தான் இருக்கிறது, நாம் இருக்கும் இடம் அப்படி. சந்தேகம் இருந்தால் போர்டை விளிம்பில் நிறுத்தி, இசட் வடக்கு நோக்கும்படி பிடித்துப் பாருங்கள். துள்ளி எழும்.

எழவில்லை என்றால் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். ஹனிவெல் சிப் எண்களைத் தரும் வரிசை எக்ஸ், ஒய், இசட் அல்ல. எக்ஸ், இசட், ஒய். ஏன் அப்படி என்று கேட்காதீர்கள், எனக்கும் அந்த வரிசை மேல் கோபம்தான். நீங்கள் இசட் என்று நினைத்துக்கொண்டிருப்பது ஒய்யாக இருக்கலாம்.

"காலிப்ரேஷன் செய்துவிட்டால் எல்லாம் சரியாகும்"

காலிப்ரேஷன் என்பது வந்து சேர்ந்த எண்ணிலிருந்து ஒரு பிழையைக் கழிப்பது. வராத எண்ணிலிருந்து எதையும் கழிக்க முடியாது.

ட்ரோன் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி ஒயரில் பத்து ஆம்பியர் ஓடுகிறது. அந்த ஒயர் சென்சாரிலிருந்து ஒன்றேகால் சென்டிமீட்டரில் போனால் 1.6 காஸ் புலம் வந்து சேரும். அது விழும் அச்சில் பூமியின் 0.41-ம் கூடினால் இரண்டு காஸ். 1.3 காஸ் செட்டிங்கில் அது 2190 எண்ணிக்கைக்குப் பக்கம், 2047-ஐத் தாண்டிவிட்டது. ட்ரோன் ஒரு பக்கம் திரும்பும்போது எண் இருக்கும், மறு பக்கம் திரும்பும்போது மைனஸ் 4096. அழகான வட்டமாக வரவேண்டிய காலிப்ரேஷன் படத்தில் ஒரு துண்டை எலி கடித்தது போல் இருக்கும். அதற்கு மேல், கரண்ட் மாறிக்கொண்டே இருக்கும். நேற்றுக் கழித்த எண் இன்று பொருந்தாது. போகும் ஒயரையும் திரும்பும் ஒயரையும் முறுக்கிவிட்டால் இரண்டின் புலமும் ஒன்றையொன்று பெருமளவு அடித்துக்கொள்ளும். சென்சாரைக் கம்பத்தின் மேல் உயர்த்தி வைப்பதும் இதற்காகத்தான். கத்தரிக்கோலும் டேப்பும் செய்யும் வேலையைப் புரோகிராமில் செய்யப் பார்க்காதீர்கள்.

இங்கே இன்னொரு சிப்பையும் சொல்லிவிடவேண்டும், ஏனென்றால் அதன் வரம்பு யாரும் எதிர்பார்க்காத மாதிரி இருக்கிறது. எம்பியூ-9250-க்குள்ளே குடியிருக்கும் ஏகே8963 ஒவ்வொரு அச்சிலும் 4900 மைக்ரோடெஸ்லா வரை அளக்கும் என்று போட்டிருக்கும். உண்மைதான். ஆனால் மூன்று அச்சுகளின் அளவுகளையும் குறியை விட்டுவிட்டுக் கூட்டினால் 4912-க்குள் இருக்கவேண்டும் என்பது அதன் நிபந்தனை. 2000, 2000, 1500 என்று வந்தால் எந்த அச்சும் பாதி வரம்பைக்கூடத் தொடவில்லை. கூட்டினால் 5500. அந்த எண்கள் மூன்றையும் நம்பக்கூடாது. நிலை ரெஜிஸ்டரில் அதைச் சொல்ல ஒரு பிட் உண்டு. அந்த ரெஜிஸ்டரைப் படிக்காவிட்டால் அடுத்த அளவும் வராது; "எண் உறைந்துவிட்டது" என்று வரும் புகார்களுக்கு அதுவே காரணம்.

"பலமான காந்தம் பட்டால் சிப் நிரந்தரமாகக் கெட்டுவிடும்"

இதில் கொஞ்சம் உண்மை உண்டு, அதனால்தான் இந்த நம்பிக்கை சாகமாட்டேன் என்கிறது. ஹனிவெல் சிப்புக்குள் இருப்பது நிக்கலும் இரும்பும் கலந்த மெல்லிய படலம். இருபது காஸுக்கு மேல் பட்டால் படலத்தின் காந்த ஒழுங்கு கலைந்து உணர்திறன் குறையத் தொடங்கும். ஆனால் சிப்பே ஒவ்வொரு அளவுக்கும் தன் படலத்துக்கு ஒரு மின் அதிர்ச்சி கொடுத்து, கலைந்ததை வரிசைப்படுத்திக்கொள்கிறது. தலை கலைந்தவன் ஒவ்வொரு போட்டோவுக்கும் முன்னால் சீப்பை எடுத்து வாரிக்கொள்வது போல. அந்த அதிர்ச்சிக்கு வேண்டிய மின்னூட்டம் போர்டில் இருக்கும் 0.22 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வழியாகப் போகிறது. மலிவான போர்டில் அது சரியாகச் சால்டர் ஆகாமல் ஒரு காலில் நின்றால் சீப்பு இல்லை, சிப் மந்தமாகிவிடும். திட்டுவது காந்தத்தை, குற்றவாளி கெபாசிட்டர். க்யூஎம்சியில் இதற்கென்றே ஒரு ரெஜிஸ்டர் இருக்கிறது. அதில் 1 என்று எழுதச் சொல்கிறது டேட்டாஷீட்.

சிப் உயிரோடு இருக்கிறதா என்று ஊகிக்கவும் தேவையில்லை. ஹனிவெல் சிப்புக்குள்ளேயே ஒரு சுருள் இருக்கிறது. முதல் ரெஜிஸ்டரில் 113, இரண்டாவதில் 160, மூன்றாவதில் 0 என்று எழுதினால் அது தனக்குத்தானே ஒரு காஸுக்குக் கொஞ்சம் கூடுதலான புலத்தை உண்டாக்கி, வெளிப்புலத்தைக் கழித்துவிட்டு அளந்து தரும். மூன்று அச்சிலும் எண் 243-க்கும் 575-க்கும் இடையில் வந்தால் சிப் ஆரோக்கியம். பையனின் க்யூஎம்சியில் இந்த வசதி இல்லாததால் என் பழைய போர்டில் செய்து காட்டினேன். 450-க்குப் பக்கத்தில் வந்தது. எட்டு வருஷமாக டப்பாவில் ஸ்பீக்கர் காந்தத்தோடு சேர்ந்து கிடந்த போர்டு அது.

வகுக்கும் எண்ணை 12000 என்று மாற்றியதும் பையனின் போர்டு 0.43 காட்டியது. சந்தோஷமாக வீட்டுக்குப் போனவன் அன்று ராத்திரியே போன் செய்தான். "சார், வீட்ல வெச்சா 0.9 காட்டுது. மறுபடியும் ரேஞ்ச் போயிடுச்சா?"

எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். கட்டிலுக்கும் ஸ்டீல் பீரோவுக்கும் நடுவிலாம். மும்பை கொலாபாவில் 1841-இலிருந்து புவிக்காந்தத்தை அளந்துகொண்டிருந்த ஆய்வகத்துக்கே, சுற்றி இருப்பவை அளவைக் கெடுக்கும் இந்தத் தொல்லை வந்தது. நகரத்துக்கு மின்சார டிராம் வரப்போகிறது என்றதும், 1904-இல் கடலுக்கு அந்தப் பக்கம் அலிபாகில் காந்தம் ஒட்டாத கல்லில் புதுக் கட்டடம் கட்டி, இரண்டு வருஷம் இரண்டு இடத்திலும் சேர்த்து அளந்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் இடம் மாறினார்கள். இதைச் சொன்னதும் பையன் கொஞ்ச நேரம் யோசித்தான்.

"அப்போ பீரோவை நகர்த்திடறேன் சார்."

"போர்டை மொட்டை மாடிக்கு எடுத்துட்டுப் போ, தம்பி" என்றேன். அதற்குள் போனில் பின்னால் எதுவோ உராய்ந்து இழுபடும் சத்தமும், அவன் அம்மாவின் குரலும் கேட்டன.